செட்டிநாட்டு வீடு திறக்கிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் தனிப் பெருமை. ருசியெல்லாம் சரிதான். ஆனால் மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் எந்தத் தண்ணீரானாலும் தரைத்தொட்டி, மாடித்தொட்டி, துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் எல்லாம் தாண்டித்தான் அடுப்படிக்கு வரும். கெடுவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்று வருவதானால் இரண்டு வாரம் முன்பே தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள். வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்து, மறுபடி நிரப்ப வேண்டும். 1000 லிட்டருக்கு 170 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க விட்டு, காலையில் முழுவதும் வடித்துவிடுங்கள். எப்போதோ பிரித்து ஈரம் கோத்த பவுடருக்கு வீரியம் இராது, புதிதாக வாங்குங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது, விஷவாயு கிளம்பும்.

தொட்டியை மறுபடி நிரப்பி, மறுநாள் காலையில் முதல் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். பழுப்பாக வந்து, ஐந்து நிமிடம் குழாயை ஓடவிட்டதும் தெளிந்தால் குழாய்த் துரு. தெளிவாக வந்து, டம்ளரில் வைத்திருக்க வைத்திருக்கப் பழுப்பேறினால் போர்த் தண்ணீரிலேயே இரும்பு இருக்கிறது. குழாயை மாற்றிப் பயனில்லை. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்றால் கடினத்தன்மை.

வெளிநாட்டிலிருந்து டி.டி.எஸ். மீட்டர் கொண்டுவருவோர் அதை ரொம்ப நம்புகிறார்கள். அது தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் சொல்லும். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. மீட்டர் 150 காட்டும் தண்ணீரிலும் கழிவுநீர்க் கிருமி இருக்கலாம். ஃபுளோரைடு (லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது), நைட்ரேட் (45 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது) இரண்டும் பரிசோதனையில்தான் தெரியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

கிணறோ போரோ வெகுநாள் கழித்துப் புழக்கத்துக்கு வந்தாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் கிணறு கலங்கினாலும், செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தாலும், வீட்டில் இருவருக்கு வயிற்றுப்போக்கு கண்டாலும் பரிசோதித்தே ஆகவேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலைக் கழுவாதீர்கள். உள்ளே இருப்பது குளோரினை முறிக்கும் மருந்து. குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, வாய்ப்பகுதியில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் அன்றே சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமை பிடித்தால் வார விடுமுறையில் சிக்கி வீண். தெருக்குழாயில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என இரண்டு பாட்டில் கொடுங்கள்: தெருவில் சுத்தம், அடுப்படியில் கிருமி என்றால் மறுபடி தொட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆர்.ஓ. இருக்கிறதே என்பீர்கள். வருடக்கணக்கில் ஓடாத ஃபில்டரையும் மெம்பிரேனையும் மாற்றாமல் அதில் ஒரு டம்ளர்கூடப் பிடிக்காதீர்கள்.