டயல் போனில் மணியடிக்க வைக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

நாடக மேடைக்கோ வீட்டு இன்டர்காமுக்கோ பழைய டயல் போனை மணியடிக்க வைக்க நினைப்பவர்கள் முதலில் வோல்டேஜின் பின்னால்தான் ஓடுகிறார்கள். ஆனால் காரியம் கெடுவது பெரும்பாலும் அதிர்வெண்ணில், அதாவது மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது என்பதில் (அதன் அளவு ஹெர்ட்ஸ்).

நம் நாட்டு எக்ஸ்சேஞ்ச் மணியடிக்க அனுப்புவது சுமார் 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் ஏசி. மின்சாரம் திசை மாறும்போதெல்லாம் மணியின் நாக்கு ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்குப் போய் அடிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் போய்ச் சேருவதற்குள் திரும்ப இழுபடும். ணங்கென்று அடிக்காமல் உர்ரென்று உறுமும். உடனே வோல்டேஜை ஏற்றிப் பார்ப்பார்கள். வீட்டு 230 வோல்ட்டை நேரே மாட்டுகிறவர்களும் உண்டு. அது சோதனை அல்ல, உயிரோடு விளையாட்டு.

பேட்டரியை அப்படியே இணைத்தாலும் பயனில்லை. மணிச் சுருளுக்கு முன்னால் உள்ள கெப்பாசிட்டர், பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரமான டிசியை விடாது. மிஞ்சிப்போனால் ஒரு 'டக்'.

சரி, 230 வோல்ட்டை நடுமுனைக்கு இரு பக்கமும் 12 வோல்ட்டாக இறக்கும் 12-0-12 டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போட்டு (பேட்டரி 12 பக்கம், மணி 230 பக்கம்), இரண்டு டிரான்சிஸ்டர்களால் மாற்றி மாற்றி ஓட்டலாம். இங்கேதான் பலர் கணக்கை விடுகிறார்கள். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த இரும்புக் கருவால் 25 ஹெர்ட்ஸில் பாதி வோல்டேஜைத்தான் தாங்க முடியும். 12 வோல்ட் கொடுத்தால் கரு இனி காந்தம் ஏற்காதபடி நிறைந்துபோய் டிரான்சிஸ்டர் கொதிக்கும். 5 வோல்ட் போதும். 230-ஐ 12-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 96 வருகிறது, வழி இழப்பு போக மணிக்குத் தாராளம். ஒரு டிரான்சிஸ்டர் முழுக்க அணைந்த பிறகே அடுத்தது திறக்க வேண்டும். இரண்டும் ஒரு கணம் சேர்ந்து திறந்தாலும் மின்சாரம் எகிறும்.

வெளிப்பக்கத்தில் தனியாகக் கெப்பாசிட்டர் போடுவதானால் துருவமில்லாத, 250 வோல்ட் தாங்கும் ரகமாகப் பாருங்கள். துருவமுள்ள எலக்ட்ரோலிட்டிக் ரகம் வெடிக்கும். அந்த வோல்டேஜில் கை பட்டால் நன்றாகவே ஷாக் அடிக்கும், 'பேட்டரிதானே' என்று நினைக்க வேண்டாம்.

மணியடிக்கும்போதே ரிசீவரை எடுத்தால் அந்த ஏசி காதுக்குள் இரைச்சலாகப் பாயும். ரிசீவர் எடுத்ததைக் கண்டறிந்து மணியை நிறுத்தும் ஏற்பாடு எக்ஸ்சேஞ்சில் உண்டு. நம் சர்க்யூட்டில் குறைந்தது கையால் அழுத்தும் ஸ்விட்ச்சாவது வேண்டும், விட்டால் மணி நிற்கும்படி. உயிருள்ள லேண்ட்லைன் இணைப்பில் இதை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

அப்புறம் தாளம். விடாமல் அடித்தால் பள்ளிக்கூட மணி மாதிரி இருக்கும். 0.4 விநாடி அடித்து, 0.2 நிறுத்தி, மறுபடி 0.4 அடித்து, 2 விநாடி சும்மா விடுங்கள்.