பதில் தெரிந்த மேலாளரைக் கேள்வி கேட்கப் பழக்குவது எப்படி?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பரவியிருக்கும் தோல், காலணித் தொழிற்சாலைகளில் இன்று பிரிவு மேலாளர்களாக இருப்பவர்களில் பலர், கட்டிங் மேசையிலோ தையல் இயந்திரத்தின் முன்னாலோ வேலையைத் தொடங்கி, மற்றவர்களைவிட விரைவாகப் பதில் கண்டுபிடித்ததால் மேலே வந்தவர்கள். அந்தத் திறமையே பின்னாளில் அவர்களுக்குத் தடையாகிவிடுகிறது. லைனில், அதாவது உற்பத்தி வரிசையில், எது நின்றாலும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் விடுப்பில் போனால் ஊசி மாற்றுவதற்குக்கூட அவருக்குத் தொலைபேசி அழைப்பு போகிறது. இவர்களுக்குக் கோச்சிங் திறனைக் கற்றுக்கொடுக்க முதல்முறையாக முன்வரும் மனிதவள அலுவலர்களுக்காக, நான் பின்பற்றும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திவிடுங்கள். வேலூரிலும் காட்பாடியிலும் கோச்சிங் என்றால் நீட் தேர்வு வகுப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். தெரியாத வேலையைச் செய்துகாட்டிக் கற்றுத்தருவது பயிற்சி. தன் அனுபவத்திலிருந்து வழி சொல்வது அறிவுரை. வேலை தெரிந்த ஒருவர் தம் சிக்கலைத் தாமே ஆராய்ந்து முடிவெடுக்கும்படி கேள்விகளால் துணைநிற்பது கோச்சிங். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிடம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருப்பது அவரை வதைப்பதாகும். அவருக்குத் தேவை பயிற்சி.

முதல் படி: கோச்சிங் எங்கே கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள்

தோல் பதனிடும் இடங்களில் முடி நீக்கும் கட்டத்தில் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அந்தக் கழிவுநீர் அமிலத்தன்மையுள்ள கழிவுநீரோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். மூடிய தொட்டியில் அது சில மூச்சுக்குள் ஆளை வீழ்த்திவிடும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கக் காலெடுத்து வைப்பவரிடம் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுக்கொண்டு நிற்கும் மேலாளர் தம் கடமையைத் தவறவிடுகிறார். அங்கே கட்டளை மட்டுமே முறை. ஒழுங்கு நடவடிக்கையையும் கோச்சிங் என்ற பெயரில் நடத்தக் கூடாது. ஒருமுறை அப்படி நடந்துவிட்டால், அடுத்த முறை அழைக்கும்போது ஊழியர் விளக்கக் கடிதத்தோடுதான் வருவார்.

இரண்டாம் படி: குழுவையும் நாள்களையும் அமையுங்கள்

ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர் போதும். மூவர் மூவராகப் பிரிக்க வசதியாக இருக்கும். ஒரே மூச்சில் இரண்டு நாள் ஓட்டல் கூட்டமாக நடத்தாமல், மூன்று அரைநாள்களாகப் பிரித்து, இடையில் இரண்டு வாரம் விட்டு நடத்துங்கள், ஏனெனில் இது கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாடமாக இல்லாமல் பழகிப் பழகி வரும் திறனாக இருக்கிறது. ஏற்றுமதிக் கப்பல் தேதி நெருங்கும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தொழிற்சாலைத் தலைவர் முதல் குழுவிலேயே உட்கார வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மேலே இருப்பவர் கேள்வி கேட்டுப் பார்க்காத இடத்தில் கீழே இருப்பவருக்கு அந்தத் துணிச்சல் வராது.

மூன்றாம் படி: பேசாமல் இருக்கப் பழக்குங்கள்

இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் தம் வேலையில் உள்ள உண்மையான சிக்கல் ஒன்றை நான்கு நிமிடம் சொல்ல, மற்றவர் குறுக்கிடாமல் கேட்கவேண்டும். பேச்சு நின்றபின் மனத்துக்குள் பத்து எண்ணியபிறகே வாய் திறக்கலாம். எளிதாகத் தோன்றும் இந்தப் பயிற்சியில்தான் அனுபவம் மிக்கவர்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். பாதி எண்ணுவதற்குள் “நான் சொல்றேன் பாருங்க” என்று தொடங்கிவிடுவார்கள். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் எதிரில் இருப்பவர் தாமாகவே தொடர்ந்து பேசுவதையும், உண்மையான காரணம் பெரும்பாலும் அப்போதுதான் வெளிவருவதையும் அவர்களே கண்டால், நீங்கள் வேறு விளக்கம் தரத் தேவையிராது.

நான்காம் படி: கேள்வியைத் தமிழில் திருத்துங்கள்

இந்தப் படிக்கு நான் மிகுந்த நேரம் ஒதுக்குகிறேன். நம் பேச்சில் “ஏன்” என்ற சொல் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே காதில் விழுகிறது. “ஏன் லேட்டாச்சு?” என்று மேலாளர் கேட்டால், தொழிலாளி காரணத்தைத் தேடமாட்டார், சாக்கைத் தேடுவார். அதையே “எந்த இடத்துல நேரம் போச்சு?” என்று மாற்றினால் யோசிக்க இடம் கிடைக்கிறது. ஆகவே பங்கேற்பாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைப் பலகையில் எழுதவைத்து, ஒவ்வொரு “ஏன்” என்பதையும் “எப்படி”, “எப்போது”, “எந்த இடத்தில்” என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். “ஊசியை மாத்திப் பார்த்தீங்களா?” என்பது கேள்வியின் உடுப்பில் வரும் அறிவுரை, அத்தகையவற்றையும் பிரித்துக் காட்டுங்கள்.

ஒருமையில் அழைப்பதையும் இங்கேயே பேசிவிட வேண்டும். “நீ” என்று விளித்துக்கொண்டு கேட்கும் திறந்த கேள்விக்கு “சரிங்க சார்” என்பதைத் தவிர வேறு பதில் வருவதில்லை. காலணித் தையல் பிரிவுகளில் பெண்கள் அதிகம் என்பதால், உரையாடல் நடக்கும் இடமும் முக்கியம்: மேசைக்குப் பின்னால் மேலாளரும் முன்னால் நிற்கும் ஊழியருமாக இல்லாமல், கதவு திறந்திருக்கும், நான்கு பேர் பார்வையில் படும், ஆனால் பேச்சு மற்றவர் காதில் விழாத இடத்தில் இருவரும் உட்கார்ந்து பேசவேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் வீட்டில் உருது பேசுவோர் பலர். யோசித்துப் பேசவேண்டிய இடத்தில் அவர்கள் தம் மொழிக்கு மாறினால், மேலாளருக்கும் அது தெரிந்திருக்கும் பட்சத்தில், தடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: நான்கு கட்டங்கள்

1980களில் பிரிட்டனில் ஜான் விட்மோர், கிரஹாம் அலெக்ஸாண்டர், ஆலன் ஃபைன் ஆகியோர் பணியிடங்களுக்காக உருவாக்கிய “க்ரோ” (GROW) என்ற கோச்சிங் உரையாடல் முறை, தொடக்கநிலையினருக்குப் போதுமானது. விட்மோர் அதற்குமுன் கார்ப் பந்தய வீரராக இருந்தவர். இலக்கு, நடப்பு, வழிகள், உறுதி என்ற நான்கு கட்டங்களாக உரையாடல் நகர்கிறது. இலக்கிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அதன் வரிசை. ஆனால் நம் ஊழியர்கள் மனத்தில் உள்ள குறையைக் கொட்டாமல் இலக்குக்கு வரமாட்டார்கள் என்பதால், முதல் சில நிமிடம் அதற்கு விட்டுவிடுவது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைச் செய்துகாட்டுங்கள். காலணியின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் லைனில் தையல் விட்டுப்போய், திரும்பத் தைக்கவேண்டிய ரீவொர்க் சேர்கிறது. லைன் மேற்பார்வையாளர் வந்திருக்கிறார்.

“இந்த வாரக் கடைசியில எது மாறியிருந்தா உங்களுக்குத் திருப்தியா இருக்கும்?” என்பது இலக்கு.

“எந்த இடத்துல தையல் விடுது? எந்த மெஷின்ல?” என்பது நடப்பு.

“என்னென்ன செய்து பார்க்கலாம்? வேற?” என்பது வழிகள். இந்த “வேற?” என்பதை இருமுறையாவது கேட்கவேண்டும்.

“எதை, எப்போ செய்யப்போறீங்க? என்கிட்ட என்ன உதவி வேணும்?” என்பது உறுதி.

மேலாளர் மனத்தில் ஊசி மழுங்கியிருக்கும் என்ற பதில் தயாராக இருக்கும். மேற்பார்வையாளரோ, இரண்டு தோல் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அமரும் இணைப்பில் மட்டுமே தையல் விடுகிறது என்று நினைவுகூர்ந்து, விளிம்பைச் சீவும் ஸ்கைவிங் வேலை ஒரே அளவாக இல்லாமல் அங்கே தடிப்பு கூடியிருக்கலாம் என்று தாமே சொல்வார். ஊசியை மாற்றியிருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

ஆறாம் படி: மூவர் பயிற்சி

ஒருவர் சிக்கலைச் சொல்பவர், ஒருவர் கேட்பவர், மூன்றாமவர் பார்வையாளர். பார்வையாளர் கருத்துச் சொல்லாமல், கேட்கப்பட்ட கேள்விகளை மட்டும் அப்படியே எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். நடிப்புச் சிக்கல்களை ஏற்காதீர்கள். அவற்றில் யாருக்கும் உண்மையான தயக்கம் வராது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள்.

ஏழாம் படி: இயந்திரங்களுக்கு நடுவே

இரண்டு அமர்வுகளுக்கு இடையில் ஒவ்வொருவரும் வாரம் ஒரு முறை, தம் கீழ் வேலை செய்யும் ஒருவரோடு பதினைந்து நிமிடம் இப்படிப் பேசவேண்டும். என்ன கேட்டார், என்ன முடிவானது என்று இரண்டு வரி குறித்துவைத்தால் போதும். மூன்றாம் அமர்வு முடிந்து ஒரு மாதம் கழித்து, மேலாளரின் அனுமதியோடு நீங்கள் லைனுக்குப் போங்கள். அவருடைய மேற்பார்வையாளர்கள் சிக்கலை மட்டும் கொண்டுவருகிறார்களா, செய்து பார்க்க ஒரு வழியையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்களா என்று ஒரு ஷிப்டு முழுவதும் கவனித்துக் குறித்து, அந்தக் குறிப்பை அன்று மாலையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.