சேற்று மண்ணில் ஜியோடெக்ஸ்டைல்: துணியைத் தேர்ந்தெடுப்பதும் விரிப்பதும்

மண்ணில் விரிக்கும் செயற்கை இழைத் துணிதான் ஜியோடெக்ஸ்டைல். அதை வாங்கப் போகிறவர்கள் எடுத்ததுமே "எத்தனை ஜிஎஸ்எம் போடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அடியில் என்ன மண், தண்ணீர் எங்கே போகணும் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதற்கு மேல் ஜிஎஸ்எம் எதையும் சொல்லாது. இழுவை வலிமை, துளை அளவு, தண்ணீர் விடும் திறன் மூன்றையும் சோதனைத் தாளில் பாருங்கள்.

ஈரக் களிமண் மேல் நேரடியாக ஜல்லி கொட்டினால், வண்டி ஓட ஓட ஜல்லி கீழே புதையும், சேறு மேலே பிதுங்கும். நடுவில் துணி இருந்தால் இரண்டும் கலக்காது. சாலைக்கடியில் இதுதான் அதன் முதல் வேலை. பாரமும் தாங்க வேண்டுமென்றால் நெய்த துணி நல்லது. கொஞ்சம் நீளும்போதே இழுவையை ஏற்றுக்கொள்ளும்.

வடிகாலுக்கு அதையே போடாதீர்கள். பட்டையான பிளாஸ்டிக் இழையில் நெருக்கி நெய்ததில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஊசியால் குத்திப் பிணைத்த, கம்பளி மாதிரி இருக்கும் நெய்யாத துணிதான் அங்கே சரி. புதுத் துணியில் நாலு சொட்டு தண்ணீர் விட்டால் உருண்டு நிற்கும். துணியின் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை நீரை ஒட்டவிடாது, அவ்வளவுதான். கொஞ்சம் அழுத்தம் வந்ததும் இறங்கிவிடும். துளை, மண்ணின் ஒவ்வொரு துகளையும் பிடிக்கும் அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டாம். பெரிய துகள்கள் துணியருகே நின்றால் போதும், அவை பின்னால் வரும் சிறியவற்றைத் தடுக்கும். ரொம்பப் பொடித் துளை எடுத்தால் வண்டல் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் விரிப்பது. பாதி சைட்டில் காரியம் கெடுவது இங்கேதான். வேர்க்கட்டை, கூர்க்கல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரோலைச் சாலை போகும் திசையிலேயே உருட்டுங்கள். சுருக்கம் விழக் கூடாது. ஓரளவு கெட்டியான மண்ணில் ஒரு துணி மேல் அடுத்தது 30 செ.மீ. ஏறிப் படிந்தால் (ஓவர்லாப்) போதும், மிருதுவான மண்ணில் 60 முதல் 90 செ.மீ., கால் புதையும் சேறென்றால் தைத்தே ஆக வேண்டும். ஒரு ரோல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், ஜல்லி வரும் பக்கத்துத் துணி மேலே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் தள்ளி வரும் ஜல்லி விளிம்பைத் தூக்கி உள்ளே நுழைந்துவிடும்.

வெறும் துணி மேல் டிப்பரை ஏற்றவே கூடாது. ஏற்கெனவே போட்ட ஜல்லி மேல் நின்று கொட்டி, முன்னே தள்ளிப் பரப்புங்கள். டயருக்கும் துணிக்கும் நடுவே குறைந்தது 15 செ.மீ. ஜல்லி வேண்டும், சேற்று நிலத்தில் அதன் இரு மடங்கு. அந்த முதல் அடுக்கில் வண்டியைத் திருப்பக் கூடாது. தடம் பள்ளமானால் பக்கத்து ஜல்லியை வழித்து நிரவாமல், புது ஜல்லி போட்டு நிரப்புங்கள். வழித்தால் பக்கத்தில் துணி மேலிருக்கும் கனம் குறைந்துவிடும். கிழிசல் தெரிந்தால், எல்லாப் பக்கமும் ஓவர்லாப் அளவுக்கு வெளியே நீளும் துண்டைப் போட்டு மூடுங்கள்.

வெயில் இந்தத் துணிக்கு ஆகாது. ரோலின் மேலுறையை அன்றைய தேவைக்கு மட்டும் பிரியுங்கள், விரித்ததை இரண்டு வாரத்துக்குள் மூடிவிடுங்கள். தண்ணீருக்கடியில் விரிப்பதானால் பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், உடனே கல்லை வைக்க வேண்டும். பாலியெஸ்டர் மூழ்கும், ஆனால் புதுக் கான்கிரீட்டின் காரம் அதை நாளடைவில் அரிக்கும். அங்கே பாலிப்ரொப்பிலீனையே எடுங்கள்.