ஃபேஜ் கொண்டு சால்மோனெல்லாவை அடையாளம் காண்பது: புள்ளிச் சோதனை

பாக்டீரியா பரப்பிய தட்டில் ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) துளி விட்ட இடம் தெளிந்துவிட்டால் "சால்மோனெல்லாதான்" என்று எழுதிவிடத் தோன்றும். நான் அப்படி எழுதிய ஒரு மாதிரி, உயிர்வேதிச் சோதனையில் சிட்ரோபாக்டர் என்ற வேறொரு பாக்டீரியா என்று வந்தது. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் பயன்படுத்துவது ஃபீலிக்ஸ் ஓ1 ஃபேஜ். சால்மோனெல்லாவின் பெரும்பாலான வகைகளை இது அழிக்கும். இதை வைத்து அந்தப் பேரினத்தை அடையாளம் காணும் எளிய முறையை 1954-இல் செர்ரியும் அவரது குழுவினரும் வெளியிட்டார்கள். நோய்க்கிருமியைக் கையாளும் வேலை என்பதால் இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்தில் மட்டுமே செய்யுங்கள்.

முதலில் வளர்ப்பு. சோதிக்க வேண்டிய பாக்டீரியாவின் தனிக் காலனி ஒன்றை எடுத்து இரவு முழுக்கக் குழம்பில் (திரவ ஊட்ட ஊடகத்தில்) வளர விடுங்கள். காலையில் அதை நூறில் ஒரு பங்காகப் புதிய குழம்பில் சேர்த்து, இலேசாகக் கலங்கும் வரை இரண்டு மூன்று மணி நேரம் வளர்க்க வேண்டும். இரவு வளர்ப்பை அப்படியே ஊற்றாதீர்கள். பெருகிக்கொண்டிருக்கும் செல்களில்தான் ஃபேஜ் நன்றாகப் பெருகும்.

அடுத்து மேலடுக்கு. 0.6 சதவீத அகார் 4 மில்லியை உருக்கி 45–48 டிகிரியில் வைத்திருங்கள். அதில் வளர்ப்பு 0.2 மில்லி, இறுதிச் செறிவு 1 மில்லிமோலார் வரும்படி கால்சியம் குளோரைடு சேர்த்து, சாதாரண அகார் தட்டின் மேல் ஊற்றிப் பரப்புங்கள். உறைந்த பிறகு மூடியைச் சற்றுத் திறந்து, பாதுகாப்புக் கூண்டுக்குள் கால் மணி நேரம் உலரட்டும். ஈரம் இருந்தால் துளிகள் ஓடி ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இப்போது நான் தவறிய இடம். அன்று நீர்க்காத ஃபேஜ் கரைசலை ஒரே ஒரு துளி விட்டேன். அந்தக் கரைசலைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய குளோரோஃபார்ம் அதில் கொஞ்சம் தங்கியிருந்தது. செல்களைக் கொன்றது ஃபேஜ் அல்ல, அதுதான். குளோரோஃபார்மே இல்லாவிட்டாலும், ஒரு செல்லின் மேல் ஏகப்பட்ட ஃபேஜ்கள் ஒரே நேரத்தில் ஒட்டினால் உள்ளே பெருகாமலேயே செல் சுவர் உடைந்துபோகலாம். கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி தெளிந்த வட்டம்தான்.

ஆகவே பத்தில் ஒன்றாக ஆறு முறை நீர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் 5 மைக்ரோலிட்டர் தட்டில் விடுங்கள். பிப்பெட் முனை அகாரில் படக்கூடாது, ஒவ்வொரு நீர்ப்புக்கும் புது முனை. ஃபேஜ் உண்மையில் பெருகியிருந்தால், நீர்க்க நீர்க்க வட்டம் உடைந்து எண்ணக்கூடிய தனித்தனிப் பிளேக்குகளாக (ஃபேஜ் பெருகிச் செல்களை அழித்த சிறு தெளிந்த புள்ளிகளாக) மாறும். வேறு ஏதாவது கொன்றிருந்தால் வட்டம் வெறுமனே மங்கி மறையும். பிளேக் தெரியாமல் நான் இப்போது முடிவு எழுதுவதே இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, ஃபேஜ் இல்லாத தாங்கற்கரைசல் (ஃபேஜை நீர்க்கப் பயன்படுத்தும் பஃபர்) துளி ஒன்றும், தெரிந்த சால்மோனெல்லா தட்டு ஒன்றும், ஈ.கோலி தட்டு ஒன்றும் கூடவே வையுங்கள். 37 டிகிரியில் வைத்து ஆறு மணி நேரத்தில் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை பாருங்கள்.

குளோரோஃபார்மை நான் விட்டுவிட்டேன். 0.22 மைக்ரான் வடிகட்டிதான் என் தேர்வு, புரதம் அதிகம் ஒட்டாத சவ்வாகப் பார்த்து வாங்குங்கள். குளோரோஃபார்ம்தான் வேண்டும் என்றால் பாலிஸ்டைரீன் குழாய் வேண்டாம், கரைந்துவிடும்.

பின்சேர்க்கை: உறுதியான சால்மோனெல்லாவிலேயே பிளேக் வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியும் நடக்கும். இந்த ஃபேஜ் பிடித்துக்கொள்வது செல்லின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடின் மையப் பகுதியை. அது சிதைந்த திரிபில் ஒட்ட இடமில்லை. எனவே பிளேக் இல்லை என்றால் "சால்மோனெல்லா இல்லை" என்று எழுதாமல், "ஃபேஜுக்கு மசியவில்லை" என்று மட்டும் குறித்துக்கொண்டு உயிர்வேதிச் சோதனைக்கும் சீரச் சோதனைக்கும் அனுப்புங்கள்.