காட்டுப் பாதைக்கு எந்த இன்ஜின்: சிறிய டர்போவா, டர்போ இல்லாத பெரிய இன்ஜினா?

கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூரின் செம்பனைத் தோட்டங்களுக்குள் போகும் செம்மண் தடங்களில் ஓட்டுவதற்காக முதன்முறையாக நான்கு சக்கர இயக்க வண்டி வாங்க நினைப்பவர்கள், பெரும்பாலும் ‘எத்தனை குதிரைத்திறன்?’ என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். சேற்றில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நகரும்போது அந்த எண்ணால் உங்களுக்கு ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. ஆக்சிலரேட்டரை ஒரு விரல்நுனி அளவு அழுத்தினால் இன்ஜின் எவ்வளவு இழுவையை, எவ்வளவு சீராகத் தருகிறது என்பதே அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அதை நீங்களே கணித்துப் பார்ப்பதற்கான வழிமுறையைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எங்கே, எத்தனை முறை ஓட்டுவீர்கள் என்று எழுதிவையுங்கள்

சிங்கப்பூரில் வாழும் நமக்கு வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி விரைவுச்சாலையிலும் வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்திலும்தான் கழியும். ஆண்டுக்கு ஆறேழு வார இறுதிகளில் மட்டும் மண்பாதைக்குப் போகிறவருக்கும், மாதந்தோறும் போகிறவருக்கும் ஒரே இன்ஜின் பொருந்தாது. போகும் பாதையின் தன்மையையும் குறித்துக்கொள்ளுங்கள்: மழைக்குப் பிந்திய சேறா, பாறையா, மணலா, செங்குத்தான ஏற்றமா? தோட்டத் தடங்கள் தனியாருக்குச் சொந்தமானவை என்பதால் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: இரண்டு இன்ஜின்களும் எப்படி மூச்சு விடுகின்றன என்று புரிந்துகொள்ளுங்கள்

டர்போ இல்லாத இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலால் மட்டுமே காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே அதிக இழுவை வேண்டுமென்றால் சிலிண்டர்களின் கொள்ளளவைப் பெருக்குவதே அதற்கான நேரடி வழி. டர்போ இன்ஜினில், வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சுழலியைச் சுற்ற, அதே அச்சில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. அந்த அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலும். அழுத்தப்பட்ட காற்று சூடேறிவிடும் என்பதால், இன்டர்கூலர் வழியாகக் குளிர்வித்த பிறகே அது சிலிண்டருக்குப் போகிறது.

போதிய புகை வந்தால்தான் சுழலி வேகமெடுக்கும். சுழலி வேகமெடுத்தால்தான் கூடுதல் காற்று வரும். இதற்கிடையே ஏற்படும் தாமதத்தையே டர்போ லேக் என்கிறோம். விரைவுச்சாலையில் அதைப் பெரிதாக உணர மாட்டீர்கள். ஈரக் களிமண் ஏற்றத்தில் அது வண்டியையே நிறுத்திவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் கோத்தா திங்கி பக்கம் ஒரு தோட்டத்தில், நண்பரின் டர்போ வண்டியில் எனக்கு அது நேர்ந்தது. இரண்டு ஆழமான சக்கரத் தடங்களுக்கு நடுவே ஏறும்போது மெதுவாக அழுத்தினேன், வண்டி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்; ஒரு நொடி அமைதி. அடுத்த கணம் இழுவை மொத்தமாக வந்து இறங்க, நான்கு சக்கரங்களும் சுழன்று, டயரின் பள்ளங்களில் எல்லாம் களிமண் அப்பி வழவழவென்று ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவர், “தம்பி, காலை எடுத்துடாதீங்க, இன்னும் அழுத்தவும் செய்யாதீங்க. அப்படியே பிடிச்சு வைங்க, வண்டி தானா கடிக்கும்,” என்றார். பெடலை ஒரே நிலையில் வைத்திருந்தபோது டர்போ திணிக்கும் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், நிலைபெற்று, சக்கரம் மெல்லப் பிடித்து ஏறியது. அன்று நான் கற்றுக்கொண்ட அந்தப் பழக்கம், டர்போ வண்டி வாங்கும் எவருக்கும் தேவைப்படும்.

மூன்றாம் படி: முறுக்கு விசை எண்ணையும் அது கிடைக்கும் சுழற்சியையும் சேர்த்துப் படியுங்கள்

இன்ஜின் தரும் திருப்பு பலமே முறுக்கு விசை; சக்கரத்தில் இழுவையாக வருவது அதுதான். விளம்பரத் தாளில் அதைக் காட்டும் நியூட்டன் மீட்டர் என்ற அளவுக்குப் பக்கத்தில், இன்ஜின் நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று சொல்லும் ஓர் ஆர்பிஎம் எண் இருக்கும். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஜேஎல் தலைமுறை ஜீப் ராங்லர் நல்ல எடுத்துக்காட்டு, ஏனென்றால் ஒரே வண்டி இரண்டு வகை இன்ஜின்களோடும் உலகச் சந்தையில் விற்கப்பட்டது. 2.0 லிட்டர் டர்போ 400 நியூட்டன் மீட்டரை 3,000 ஆர்பிஎம்மில் தருகிறது. டர்போ இல்லாத 3.6 லிட்டர் வி6 ஏறக்குறைய 353 நியூட்டன் மீட்டரை 4,800 ஆர்பிஎம்மில் தருகிறது. தாளில் பார்த்தால் டர்போவே வெல்கிறது.

ஆனால் இந்த எண்கள் பெடலை முழுவதுமாக அழுத்தி, பூஸ்ட் நிலைபெற்ற பிறகு அளக்கப்பட்டவை. 1,200 ஆர்பிஎம்மில், கால் லேசாகப் பட்டுக்கொண்டிருக்கும்போது டர்போ இன்னும் விழிக்கவில்லை; அப்போது உங்களிடம் இருப்பது வெறும் 2 லிட்டர் இன்ஜின்தான். அதே கணத்தில் மற்றவரிடம் 3.6 லிட்டர் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பாறைகளுக்கு நடுவே அங்குலம் அங்குலமாக நகர்பவர்கள் பெரிய இன்ஜினை விட்டுக்கொடுக்காததற்கு முதன்மையான காரணம் இதுவே. இறக்கத்திலும் அதற்கு ஒரு சாதகம் உண்டு: காலை எடுத்தவுடன் பெரிய கொள்ளளவு கொண்ட இன்ஜின் வண்டியைக் கூடுதலாகப் பிடித்து நிறுத்தும், பிரேக்கை அவ்வளவாக நம்பியிருக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: லோ ரேஞ்ச் விகிதத்தைக் கேளுங்கள்

லோ ரேஞ்ச் என்பது சக்கரங்களை மெதுவாகவும் அதிக இழுவையோடும் சுற்றவைக்கும் கூடுதல் கியர் தொகுதி. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். என் கணிப்பில் இன்ஜின் வகையைவிட இதுவே முக்கியம். முதல் கியர், லோ ரேஞ்ச், சக்கர அச்சு ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்குங்கள். எட்டு கியர் ஆட்டோ கொண்ட ராங்லர் ரூபிகானில் 4.71, 4.0, 4.10 ஆகியவற்றைப் பெருக்கினால் ஏறக்குறைய 77 வரும். அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் 77 முறை சுற்றுகிறது. 33 அங்குல டயரோடு இன்ஜின் 1,500 ஆர்பிஎம்மில் ஓடினாலும் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர்தான் போகும். அது மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. இவ்வளவு ஆழமான விகிதம் இருந்தால், வண்டி ஊர்ந்தாலும் இன்ஜின் டர்போ விழிக்கும் சுழற்சியை நெருங்கிவிடுகிறது. குறைந்த சுழற்சியில் டர்போவுக்கு உள்ள பலவீனம் பெருமளவு மறைந்துவிடுகிறது.

சுசுகி இதைத் தன் சொந்த வண்டியிலேயே காட்டியிருக்கிறது. ஜப்பானின் 660 சீசி வரம்புக்குள் அடங்கும் ஜிம்னியில் 658 சீசி டர்போ, 3,500 ஆர்பிஎம்மில் 96 நியூட்டன் மீட்டர். பெரிய ஜிம்னியில் டர்போ இல்லாத 1,462 சீசி இன்ஜின், 4,000 ஆர்பிஎம்மில் 130 நியூட்டன் மீட்டர். சிறிய டர்போவுக்கு லோ ரேஞ்ச் விகிதத்தை ஏறக்குறைய 2.64 என ஆழமாக வைத்தவர்கள், பெரிய இன்ஜினுக்கு 2.00 போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே விதி எளிது: லோ ரேஞ்ச் ஆழமாக இருந்தால் டர்போவைத் தயங்காமல் பாருங்கள். அது ஆழமில்லை என்றாலோ, லோ ரேஞ்சே இல்லை என்றாலோ, டர்போ இல்லாத இன்ஜினின் சீரான பதில்தான் உங்களைக் காப்பாற்றும்.

ஐந்தாம் படி: சாலை வரியைக் கணக்கிடுங்கள்

பெட்ரோல் காரின் சாலை வரி சிங்கப்பூரில் இன்ஜின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,600 சீசியைத் தாண்டியதும் வேகமாக ஏறும். 1,600 முதல் 3,000 சீசி வரை ஆறு மாத வரிக்கான சூத்திரம் இது: 1,600க்கு மேற்பட்ட ஒவ்வொரு சீசிக்கும் 0.75 வெள்ளி வீதம் கணக்கிட்டு, 475ஐக் கூட்டி, 0.782ஆல் பெருக்க வேண்டும். 3,000ஐத் தாண்டினால் கூடுதல் சீசிக்கு 1 வெள்ளி, கூட்ட வேண்டியது 1,525. இப்படிப் பார்த்தால் 1,995 சீசி டர்போவுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,206 வெள்ளியும், 3,604 சீசி வி6க்குச் சுமார் 3,330 வெள்ளியும் ஆகும். பத்து ஆண்டுகளில் வித்தியாசம் 21,000 வெள்ளியைத் தாண்டும். 1,462 சீசி ஜிம்னிக்கோ ஆண்டுக்குச் சுமார் 662 வெள்ளிதான். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டப்படும் பழைய வண்டி என்றால், பத்து வயதைத் தாண்டியதிலிருந்து 10 விழுக்காட்டில் தொடங்கும் கூடுதல் கட்டணம் படிப்படியாக 50 விழுக்காடு வரை உயரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: சிறிய டர்போ என்றால் தானாகவே சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2014 முதல் கொள்ளளவு 1,600 சீசிக்குள்ளும், திறன் 97 கிலோவாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. 1.5 லிட்டர் டர்போக்களில் பல 97 கிலோவாட்டைத் தாண்டி ‘பி’ பிரிவுக்குப் போய்விடுகின்றன.

ஆறாம் படி: ஓட்டிப் பாருங்கள்

சோதனை ஓட்டத்தில் விரைவுச்சாலைக்குப் போவதில் பயனில்லை. விற்பனையாளரிடம் சொல்லி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஒரு சரிவுப் பாதைக்குப் போங்கள். ஏற்றத்தின் நடுவில் வண்டியை முழுதாக நிறுத்துங்கள். பிறகு பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை நாணயத்தின் தடிமன் அளவு மட்டும் அழுத்தி மூன்று எண்ணுங்கள். வண்டி உடனே, ஒரே சீராக நகர்கிறதா? அல்லது தயங்கிப் பின் பாய்கிறதா? மூன்று முறை செய்துபாருங்கள். மூன்று முறையும் ஒரே அழுத்தத்திற்கு ஒரே பதில் வந்தால் அது சேற்றுக்கு ஏற்ற வண்டி. திரவம் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோ கியர் இருந்தால் டர்போவின் தயக்கத்தை அது நிறையவே மென்மையாக்கும். மேனுவலில் அந்த வேலையை உங்கள் கிளட்ச் கால்தான் செய்ய வேண்டும்.

மலை உயரத்தில் காற்று மெலிவதால் டர்போ சிறந்தது என்று சொல்வார்கள். அது உண்மைதான், 1,000 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். கேமரன் மலைக்கு அடிக்கடி போகாதவர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நம் பாதைகளில் பெரும்பாலானவை கடல் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை.

ஏழாம் படி: தேர்ந்தெடுங்கள்

புதிய வண்டி, ஆழமான லோ ரேஞ்ச், ஆண்டுக்குச் சில பயணங்கள் மட்டும் என்றால், நான் நடுத்தரக் கொள்ளளவு டர்போவையே சொல்வேன். சாலை வரியில் மிச்சமாகும் தொகைக்கு நல்ல டயர்களும், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச்சும் வாங்கிவிடலாம். பழைய வண்டி வாங்குபவருக்கு, அடிக்கடி பாறைப் பாதை போகிறவருக்கு, தொலைவில் பழுதானால் தானே சரிபார்க்க விரும்புபவருக்கு டர்போ இல்லாத இன்ஜினே மேல், ஏனென்றால் கெட்டுப்போவதற்கு அதில் உறுப்புகள் குறைவு. முதன்முறையாக மண்ணில் இறங்கும் ஒருவர் சிறிய, எடை குறைந்த, டர்போ இல்லாத வண்டியில் தொடங்கினால் கால் பழக்கம் விரைவில் படியும். வாங்கிய பிறகு டர்போ பொருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியின்றி அப்படிப்பட்ட மாற்றம் செய்ய முடியாது.

டர்போவைத் தேர்ந்தெடுத்தால் மூன்று பழக்கங்கள் கட்டாயம். எஞ்சின் ஆயிலைத் தயாரிப்பாளர் சொன்ன தரத்தில், சொன்ன காலத்திற்கு முன்பே மாற்றுங்கள். டர்போ அச்சின் தாங்கிகள் ஆயிலை நம்பியே வாழ்கின்றன. தூசிப் பாதைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். நீண்ட ஏற்றம் ஏறி முடித்ததும் இன்ஜினை உடனே அணைக்காமல், ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, சுழலி குளிர்ந்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.