வெந்நீர் ஊற்றுக் குளங்களில் எச்சரிக்கைப் பலகை: நாம் செய்யும் தவறுகள்

வெந்நீர் ஊற்றுக் குளங்களில் மக்கள் அதிகம் மீறும் பலகை எது என்று கேட்டால், 'தலையைத் தண்ணீருக்குள் முக்காதீர்கள்' என்பதைத்தான் சொல்வேன். நீச்சல் தெரியாதவர்களுக்காக எழுதியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று ஒரு முங்கு போட்டு எழுந்துவிடுகிறார்கள்.

அந்த வரி மூக்கைக் காப்பாற்ற எழுதியது. வெதுவெதுப்பான நன்னீரில் நைக்ளீரியா ஃபௌலேரி என்ற அமீபா வாழும். 46 டிகிரி செல்சியஸ் வரைக்கும்கூட அது பெருகும். தண்ணீரை விழுங்கினால் அதனால் நோய் வராது. மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. வாசனையை உணரும் நரம்பு வழியாக அமீபா மூளைக்குப் போய்விடும். மிக அரிதான தொற்றுதான், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் வெகு சிலரே. நியூசிலாந்தின் வெந்நீர்க் குளங்களில் இந்தப் பலகையை வைத்திருப்பது இதற்காகத்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று பார்த்துப் பயனில்லை, அமீபா கண்ணுக்குத் தெரியாது.

பெரியவர்கள் தலையை நனைக்காமல் இருந்துவிடுவார்கள். குழந்தைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் தண்ணீரை வாரி அடிப்பார்கள், அதுவும் மூக்கில் ஏறும். தயவுசெய்து அதைத் தடுங்கள். குளித்து வந்த இரண்டு வாரத்துக்குள் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு என்று ஏதாவது வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். வெந்நீர் ஊற்றில் குளித்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது, நேரக் கணக்கு. '15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்' என்று எழுதியிருந்தால், 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருப்போம். உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாதுதான். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். சட்டென்று எழுந்தால் இரத்தம் காலில் தங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். ஒருமுறை என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டே எழுந்தார். இரண்டாவது படியில் கால் வைத்ததும் பேச்சு நின்றது, கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. இருவர் தாங்கிப் பிடித்ததால் தலை கல்லில் படவில்லை. வெளியே வரும்போது முதலில் ஓரத்தில் ஏறி, காலை மட்டும் தண்ணீரில் விட்டு இரண்டு நிமிடம் உட்காருங்கள். அப்புறம் கம்பியைப் பிடித்து எழுந்திருங்கள். குடித்துவிட்டு இறங்கினால் இந்த மயக்கம் இன்னும் சுலபமாக வரும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் என்று பலகை தனியாகச் சொல்வதைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்கவே உறைக்காது, தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

பலகையில் 40 டிகிரி என்று போட்டிருந்தால் குளம் முழுக்க அதே சூடு என்று நம்புவதும் தவறு. ஊற்று வாய்க்குப் பக்கத்தில் சூடு பல மடங்கு உறைக்கும். 60 டிகிரி தண்ணீர் ஐந்தே விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். 'அவர்கள் இறங்கியிருக்கிறார்களே' என்று பார்த்து இறங்காதீர்கள், அவர்கள் நிற்கும் இடம் வேறு.

வேலி தாண்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 2016-இல், குளிக்க இடம் தேடி மரப் பாதையை விட்டு இறங்கிய 23 வயது இளைஞர் ஒருவர் ஊற்றுக்குள் விழுந்து இறந்தார். உடலைக்கூட மீட்க முடியவில்லை. அங்கே தரை போலத் தெரிவது பல இடங்களில் மெல்லிய ஓடுதான், கீழே கொதிநீர்.

கடைசியாக, அழுகிய முட்டை வாடை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. வாடை குறைந்தால் வாயுவும் போய்விட்டது என்று நினைக்கிறோம். அளவு கூடும்போது மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாமல் போவதுண்டு. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளங்களிலும் மூடிய அறைகளிலும் தேங்கும். கூரை போட்ட குளியல் அறைகளில் 'ஜன்னலை மூடாதீர்கள்' என்று எழுதியிருப்பது அதற்காக. குளிர்காற்று வருகிறதே என்று யாராவது மூடினால், எழுந்து போய்த் திறந்துவிடுங்கள்.