செம்புச் சொம்பை ராத்திரி ஊறப் போடாதீர்கள்

போன மாதம் அண்ணன் மகள் புதுவீட்டில் பால் காய்ச்சினாள். வந்தவர்களில் யாரோ ஒரு செம்பு ஜக்கும் ஆறு டம்ளரும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். பத்தாம் நாள் போனில் ஒரு படம் வந்தது. "அத்தை, ராத்திரி புளித்தண்ணி ஊத்தி ஊறப் போட்டேன். காலைல பாத்தா உள்ள ஒரு வளையம். எவ்வளவு தேய்ச்சும் போக மாட்டேங்குது."

அந்த வளையத்தை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

கீழே போடாதே, காலியாக அடுப்பில் வைக்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். தெரியாமல் செய்கிறவைதான் கீழே இருக்கின்றன. பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன்.

ராத்திரி முழுக்க ஊற வைப்பது

அப்பத்தாவின் சீர்ச் சொம்பு ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாக அவள் பேரும் 1951 என்ற வருஷமும் வெட்டியிருந்தது. கரிச்சட்டி மாதிரி கறுத்துப்போன அதைப் பொங்கலுக்குப் பளபளவென்று எடுத்து வைக்க ஆசைப்பட்டேன். ஒரு பேசினில் எலுமிச்சை அளவு புளியும் ரெண்டு கைப்பிடி கல்லுப்பும் கரைத்து, சொம்பைப் பாதி முங்க வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். அஞ்சு நிமிஷத்தில் இவ்வளவு போகிறதென்றால் ஒரு ராத்திரியில் எவ்வளவு போகும் என்பது என் கணக்கு.

விடிந்து பார்த்தால் புளித்தண்ணீரில் பச்சை ஏறியிருந்தது. முங்கிய பாகம் பளபளக்கவில்லை. சாயம் வெளுத்த துணி மாதிரி மங்கலான ரோஸ் நிறம். தண்ணீர் நின்ற மட்டத்தில் சொம்பைச் சுற்றி ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டியது.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. செம்பின் மேல் படியும் கறுப்பு, செம்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் அந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். லேசான கறுப்புக்கு ரெண்டு மூன்று நிமிஷம் போதும். அதற்கு மேல் கரைக்கக் கறுப்பு இல்லை, செம்புதான் இருக்கிறது. புளியின் அமிலம் மட்டும் செம்பை அவ்வளவாகத் தொடாது, காற்று கூட இருந்தால் அரிக்கும். தண்ணீர் மட்டத்தில் அமிலமும் உண்டு, காற்றும் தாராளமாக உண்டு. அதனால்தான் அங்கே அப்படி ஒரு கோடு. பச்சை நிறம், கரைந்துபோன அப்பத்தா சொம்பு.

அதோடு விட்டிருக்கலாம். கோட்டை எடுக்கிறேன் பேர்வழி என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கோடு கொஞ்சம் மங்கியது. கூடவே எழுத்துகளும் மங்கின. 1951இல் கடைசி 1 போயே போய்விட்டது. அப்பா சொம்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆத்தா பேரைத் தேச்சுப்புட்டியே தாயி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாலிஷ் போடுகிறவரிடம் கொண்டுபோனேன். கோடு முழுக்கப் போகிற அளவுக்குத் தேய்த்தால் தகடு மெலிந்துவிடும், மிச்ச எழுத்தும் தங்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்றைக்கும் யாராவது "ராத்திரி ஊறப் போட்டுடுங்க, காலைல தங்கம் மாதிரி ஆயிடும்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நெல்லிக்காய் அளவு புளியை நனைத்துப் பிசைந்து, அரை டீஸ்பூன் தூள் உப்பு சேர்த்து, கையாலோ பீர்க்கங்கூட்டாலோ உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். ரெண்டு நிமிஷத்தில் கழுவிவிட வேண்டும். கறுப்பு மிச்சமிருந்தால் மறுபடி ஒரு தடவை. பரணிலிருந்து இறங்கிய சொம்புக்கு நாலைந்து தடவைகூட ஆகும், ஆகட்டும். கல்லுப்பை அப்படியே போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். வாய் குறுகிய பாட்டிலுக்குள் கை போகாது. ஒரு கைப்பிடி அரிசி, எலுமிச்சைச் சாறு, உப்பு, கொஞ்சம் தண்ணீர் போட்டு மூடி நன்றாகக் குலுக்கிக் கொட்டலாம்.

சோடா உப்பையும் எலுமிச்சையையும் கலப்பது

நுரை வரும். பார்க்க நன்றாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு, கறுப்பை எடுக்க அங்கே யாரும் மிச்சமில்லை.

அரைகுறையாக அலசி, துடைக்காமல் கவிழ்ப்பது

உப்பு ஒரு துளி தங்கினாலும் அந்த இடத்தில் பச்சைப் புள்ளி வரும். அதுதான் களிம்பு. மூடியின் மரை, பாட்டிலின் அடி, கைப்பிடி சேரும் இடம், இந்த மூன்றையும் ரெண்டு தடவை அலசுங்கள். அலசியதும் பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். தானாகக் காயட்டும் என்று விட்டால் சொட்டு நின்ற இடமெல்லாம் பழுப்புத் திட்டு. வெளிப்புறம் இன்னும் மின்ன வேண்டுமானால் கொஞ்சம் விபூதியைக் காய்ந்த துணியில் தொட்டுத் தேய்க்கலாம்.

உள்ளே லேசாகப் பழுத்திருந்தால் பதற வேண்டாம். அது செம்பின் இயல்பு. தினம் வெறும் தண்ணீரில் அலசித் துடைத்து, வாரம் ஒருமுறை புளி போட்டால் போதும். பச்சை தெரிந்தால் மட்டும், தேய்த்துக் கழுவும் வரை அதில் குடிக்கக் கூடாது.

கம்பி நார்

வேண்டவே வேண்டாம்.

செம்பு டம்ளரில் எலுமிச்சைத் தண்ணீர்

காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து செம்பு டம்ளரில் குடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மோரையும் அதிலேயே ஊற்றுகிறார்கள். புளி கறுப்பைக் கரைத்ததே, அதே வேலையை எலுமிச்சையும் மோரும் டம்ளருக்குள் செய்யும். கரைவது வயிற்றுக்குள் போகும். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிஞ்சினால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. pH என்பது புளிப்பைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். pH 6க்குக் கீழே இருக்கும் எதையும் வெறும் செம்பில் வைக்காதே என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் மாதிரி விதி. மோரின் pH சுமார் 4.5, எலுமிச்சைச் சாறு 2லிருந்து 3க்குள். செம்பில் தண்ணீர் மட்டும்.

லாக்கர் பூசியதைத் தேய்ப்பது

கடையில் மின்னுகிற பல பாட்டில்களின் வெளிப்புறம் கறுக்காமலிருக்க லாக்கர் என்கிற வார்னிஷ் மாதிரியான மெல்லிய பூச்சைப் பூசியிருப்பார்கள். அதன் மேல் புளி தேய்த்தால் ஒன்றும் ஆகாது. அழுத்தித் தேய்த்தால் லாக்கர் அங்கங்கே உரியும். பிறகு உரிந்த இடம் மட்டும் கறுத்து, தேமல் விழுந்த மாதிரி ஆகிவிடும். படம் அச்சடித்த பாட்டிலுக்கும் இதே கதைதான். வெளியே லேசான சோப்புத் தண்ணீர், உள்ளே மட்டும் புளி.

உப்புத்தாள்

அண்ணன் மகளிடம் நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். தட்டவில்லையாம். தப்பித்தாள். அவள் வீட்டுக்காரர் உப்புத்தாள் வாங்கக் கடைக்குக் கிளம்பியிருந்தார். போன் போட்டுத் திரும்பி வரச் சொல்லிவிட்டோம்.